செயப்பாட்டுவினை

ஃபோவிங்கெலில் ரயில் தெருவுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகும்.
சுகிர்தமலரின் சமையலறை இரண்டாம் மாடியில்.
நாலு நிமிடத்துக்கொருமுறை
யாரோ எங்கள் தேநீரை எட்டிப் பார்த்தபடி கடப்பார்கள்.
முதல் நாள் திரையை இழுத்துவிட எழுந்தேன்.
"விடும் பிள்ளை, பாக்கட்டும்.
பதினேழு வருசம் மூடித்தானே வச்சிருந்தனான்."

நான் பிள்ளையில்லை. ஐந்தாம் அரையாண்டு மாணவி,
களப்பணி, பதினொன்றாம் வாரம்,
சம்பளம் இல்லை.
பெண்களின் கூலியற்ற உழைப்பு பற்றி
செவ்வாய்க்கிழமைகளில் மூன்று மணிநேரம் படிக்கிறோம்.
நாற்காலிகளை வட்டமாகப் போடுவோம்,
தலைமாடு என்று ஒன்று இருக்கக்கூடாது என்பதற்காக.
வகுப்பில் ஆண்கள் இருவர்.
வட்டத்தைக் கலைத்து நாற்காலிகளை அடுக்கும்போது
அவர்களுக்கு எப்போதும் ஒரு பஸ் வந்துவிடும்.

ஹைக்கே, என் மேற்பார்வையாளர்,
பென்சிலால் மட்டுமே திருத்துவார்.
அறிக்கையின் ஓரத்தில் எழுதியிருந்தார்:
இதை அவருக்கு வாசித்துக் காட்டினாயா?

ஆகவே இன்று வாசித்தேன்,
ஜெர்மனில் எழுதியதைத் தமிழாக்கிக்கொண்டே,
நாக்கு இடறி இடறி.
தரையில் தள்ளப்பட்டார்.
கைபேசி பறிக்கப்பட்டது.
மூத்த மகளின் முன்னால் அவமதிக்கப்பட்டார்.
கடைசியில் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

சுகிர்தமலர் வெங்காயத்தைப் பாதியில் வைத்தார்.
"எத்தினை பட்டார் பிள்ளை!
பட்டனான்தான், இல்லையெண்டு சொல்லேல்லை.
ஆனா இதிலை தள்ளினவன் எங்கை?
காத்தே தள்ளினது?
பேரைப் போடும். தவநேசன்.
எழுத்துக்கூட்டிச் சொல்லவோ?"

ரயில் போனது. கரண்டிகள் கொஞ்சம் அதிர்ந்தன.

"மற்றது, என்னை ஒருத்தரும் வெளியேத்தேல்லை.
மூண்டு மாதமாய்ப் பாஸ்போட்டுகளை
அரிசி வாளிக்குள்ளை வச்சிருந்தனான்.
ரெஸ்டோரண்டிலை கோப்பை கழுவின காசை
அவருக்குக் காட்டாமல் சேர்த்தனான்.
விடிய அஞ்சரைக்குப் பிள்ளையளை எழுப்பி
சப்பாத்தைக் கையிலை தூக்கிக்கொண்டு
படி இறங்கினனான்.
நான் வெளிக்கிட்டனான்.
அப்பிடி எழுதும்."

வேணிகா, மூத்தவள், காதுக்கருவியைக் கழற்றாமலே
என் தோளுக்கு மேலாக வாசித்தாள்.
"முன்னால் இல்லை," என்றாள் ஜெர்மனில்,
"கதவுக்குப் பின்னால் நின்றேன்.
போலீசுக்கு அடித்தது நான்தான். அது எங்கே?"

கோப்பில் 'நான்' வரக்கூடாது என்று
முதலாம் ஆண்டிலேயே சொல்லித் தந்திருந்தார்கள்.
என்னுடையதை எடுத்ததோடு
அவர்களுடையதையும் எடுத்துவிட்டிருக்கிறேன்.
என் வாக்கியங்கள் அந்த மனுஷியை
எவ்வளவு பத்திரமாகப் படுக்கவைத்திருந்தன!
உதவ வருகிறவளுக்கு
விழுந்து கிடக்கிறவள்தான் வசதி.
இதைப் பாடப்புத்தகத்தில் எங்கோ
மஞ்சள் நிறத்தில் அடிக்கோடிட்டும் இருக்கிறேன்.

திருத்தி முடித்தோம். ஒரு சொல்லுக்கு மட்டும் சண்டை.
'பாதிக்கப்பட்டவர்' என்ற கட்டத்தை
படிவம் விடமாட்டேன் என்றது.
அதில் குறி இல்லாவிட்டால் உதவித்தொகை இல்லை.
"சரி, போடும், காசுக்காக.
கீழை சின்னனாய் எழுதும், ஒத்துக்கொள்ளேல்லை எண்டு."
எழுதினேன். ஹைக்கே என்ன சொல்வாரோ.

வாசலில் சும்மா கேட்பதுபோலக் கேட்டார்,
"மத்தியானம் என்ன கொண்டந்தனீர்?"
"புட்டு."
"ஆர் அவிச்சது?"

திரும்பும் ரயிலில், வுப்பர் ஆறு காலுக்குக் கீழே ஓட,
நாட்குறிப்பின் கடைசிக் கட்டத்தைத் திறந்தேன்:
'இன்று உங்களைப் பற்றி நீங்கள் அறிந்தது'.
உணவு கட்டித் தரப்பட்டிருந்தது,
என்று தொடங்கியது கை. அடித்தேன்.

புவனலோஜினி, வயது ஐம்பத்துமூன்று,
வங்கியொன்றின் தரையைத் துடைக்கப் போகுமுன்
மூன்றரை மணிக்கு எழுந்து புட்டு அவித்தார்.
என் அம்மா.
தம்பிக்கும் ஒரு பெட்டி கட்டினார்.
நான் தூங்கினேன்.